கட்டிக்கு முன் கல்லீரலைப் பாருங்கள்

(மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், மருத்துவர் அல்லாதவருக்கும் விளங்க வேண்டும் என்பது அறக்கட்டளை வகுத்த விதி. அதை நான் மனமார ஏற்கிறேன். இன்று பேசப்போகும் நோய்களில், வீட்டார் உரிய நேரத்தில் கேட்ட ஒரு கேள்வியால் சிகிச்சையே திசை மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் துறை நோய்க்குறியியல். உடலிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இன்னதென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கல்லீரலில் காணும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை குடல், கணையம், மார்பகம் போன்ற வேறிடங்களிலிருந்து பரவி வந்தவை. கல்லீரலிலேயே தோன்றுபவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கல்லீரல் செல் புற்று. அதைத்தான் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா என்கிறோம். பித்தநாளப் புற்று 10 முதல் 15 சதவீதம். மிஞ்சும் சிறு பகுதிக்குள் பத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. அவைதாம் இன்றைய பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டிகள் நம் கண்ணுக்குத் தப்புவதற்கு அவற்றின் அருமை மட்டுமே காரணம் அன்று. பரவலாக உள்ள கல்லீரல் செல் புற்றுக்கென்று மருத்துவம் சரியாகவே வகுத்த ஒரு சலுகையை, அது செல்லாத இடத்துக்கும் நாம் நீட்டிவிடுகிறோம். அப்படி நீட்டாமலிருக்க ஒரே வழி, கட்டியைப் படிப்பதற்கு முன் அது இருக்கும் கல்லீரலைப் படிப்பது.

1. சலுகையும் அதன் நிபந்தனையும்

பெரும்பாலான உறுப்புகளில் திசுவைப் பார்க்காமல் புற்று என்று சொல்ல மாட்டோம். கல்லீரல் செல் புற்று அதற்கு விலக்கு. கல்லீரலுக்கு இரத்தம் இரண்டு வழியாக வருகிறது: ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. கல்லீரல் செல் புற்று வளர வளரச் சிரையை விட்டுத் தமனியையே நம்பத் தொடங்குகிறது. ஆகவே கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால், மருந்து தமனியில் ஓடும் கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். அடுத்த கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரல் ஒளிர, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், உள்ளவரிடம் இவ்விரண்டும் தெளிவாகத் தெரிந்தால், ஊசி குத்தித் திசு எடுக்காமலே முடிவு சொல்லலாம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011இல் வெளியிட்ட லை-ராட்ஸ் முறை இதைத்தான் ஒழுங்குபடுத்தியது.

அந்த முறையிலேயே நிபந்தனை எழுதியிருக்கிறது. நோயாளி வயது வந்தவராக இருக்க வேண்டும். சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றோ இருக்க வேண்டும். பட்-சியாரி போல இரத்தக்குழாய்க் கோளாறால் வந்த சிரோசிஸுக்கு இது பொருந்தாது, ஏனெனில் அங்கே தீங்கற்ற முடிச்சுகளும் அதேபோல் ஒளிரும். இப்படி ஏன் கட்டுப்படுத்தினார்கள்? அந்தப் படத்தின் வலிமை படத்தில் மட்டும் இல்லை. சிரோசிஸ் வந்த கல்லீரலில் அப்படி ஒளிர்ந்து மங்கும் கட்டி வேறொன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்ற முன்னறிவும் சேர்ந்தே அதற்கு வலிமை தருகிறது. நல்ல கல்லீரலில் அதே படம் தீங்கற்ற அடினோமாவாக இருக்கலாம். நான் பின்னால் சொல்லப்போகும் கட்டிகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களுக்குச் சிரோசிஸ் வருமுன்பே கல்லீரல் செல் புற்று வருவதுண்டு. நம் மாநிலத்தில் இவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை, திசு வேண்டும்.

கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லோரும் கேட்கிறோம். கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரல் சுருங்கியிருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, பிளேட்லெட் குறைந்திருக்கிறதா, பி, சி வைரஸ் சோதனை செய்தாயிற்றா என்று அதற்கு முன் கேட்க வேண்டும். இதற்குப் புதிய கருவி ஒன்றும் தேவையில்லை.

2. நல்ல கல்லீரலில் இளவயதுப் புற்று

ஒரு கல்லூரி மாணவி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலது விலாவுக்குக் கீழே பாரம், நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. ‘கேஸ்’ என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பிறகு எடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி. கல்லீரல் செல் புற்று என்று அறிக்கை வந்து, தமனி வழியாகக் கட்டிக்குள் கீமோ செலுத்தும் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போது அவருடைய தாய்மாமன் கேட்டாராம்: “டாக்டர், பாப்பாவுக்கு ஈரல் நல்லாத்தானே இருக்குன்னு சொல்றீங்க? அப்புறம் இது எப்படி வந்துச்சு?”

அதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க முடியாது. அதனால்தான் ஊசி வழியே எடுத்த திசு எங்கள் மேசைக்கு வந்தது. கண்ணாடி வில்லையில் நான் கண்டது இது. செல்கள் பெரியவை, பல கோணம் கொண்டவை. மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கொண்டிருப்பதால் அவற்றின் உள்வெளி நுண்மணல் தூவிய இளஞ்சிவப்பு. ஒவ்வொரு உட்கருவிலும் கண்ணில் அறையும் ஒரு நியூக்ளியோலஸ். செல் கூட்டங்களுக்கு நடுவே, தறியில் பாவு விரித்தாற்போல இணையிணையாக ஓடும் கொலாஜன் இழைகள். சி.கே.7, சி.டி.68 ஆகிய இரு சாயங்களையும் அந்தச் செல்கள் ஏற்றன. இது ஃபைப்ரோலாமெல்லர் கார்சினோமா. கல்லீரலின் முதல்நிலைப் புற்றுகளில் ஏறத்தாழ ஒரு சதவீதம். பத்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. சிரோசிஸ் இருக்காது; கல்லீரல் செல் புற்றில் பலருக்கு இரத்தத்தில் உயரும் ஏ.எஃப்.பி. எனும் புரதமும் இங்கே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். “ஏ.எஃப்.பி. நார்மல், பயப்பட வேண்டாம்” என்று சொல்லி அனுப்புவது இங்கேதான் ஆபத்தாகிறது.

ஸ்கேனில் இதன் நடுவே ஒரு தழும்பு தெரியும். தீங்கற்ற ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியாவிலும் தழும்பு உண்டு. எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் தீங்கற்றதன் தழும்பு வெளுத்தும், புற்றின் தழும்பு கறுத்தும் இருப்பது வழக்கம். சுண்ணாம்புப் படிவும், நிணநீர் முடிச்சு வீக்கமும் புற்றின் பக்கம் சாயும் அடையாளங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றிய நோய்க்குறியியலர் ஹ்யூ எட்மண்ட்சன் 1956இல் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியிடம் இந்தக் கட்டியை முதன்முதலாக விவரித்தார். 1980இல் கிரெய்க்கும் உடனிருந்தோரும் 23 நோயாளிகளைத் தொகுத்து, இது தனி நோய் என்று நிறுவினார்கள். அதன் வேர் தெரிய 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எலானா சைமன் என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் இதே நோய் கண்டறியப்பட்டு அறுவைசிகிச்சை நடந்தது. பள்ளி மாணவியாக இருக்கும்போதே, ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தன் தந்தை சான்ஃபோர்டு சைமனின் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கட்டியின் மரபணுவை ஆராய அவர் முற்பட்டார். சோதித்த 15 கட்டிகளிலும் ஒரே மாற்றம் இருந்தது. 19ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ நான்கு லட்சம் எழுத்துகள் கொண்ட துண்டு அறுந்து விழுந்து, டி.என்.ஏ.ஜே.பி.1, பி.ஆர்.கே.ஏ.சி.ஏ. என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிப் பிறந்த புரதம் ஓயாமல் வேலைசெய்து செல்லைப் பெருக்குகிறது. ‘சயன்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையில் எலானாவும் ஓர் ஆசிரியர்.

இந்த இணைப்பு இன்று நமக்கு நல்ல சான்று. ஆனால் கணையத்திலும் பித்தநாளத்திலும் வரும் ஓர் அரிய கட்டியிலும் இதே இணைப்பு இருப்பது பின்னர் தெரிந்தது. மரபணு அறிக்கை வந்த பிறகும் வில்லையையும் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இதற்கான சிகிச்சை வெட்டி எடுப்பது. நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது. கட்டி பெரிது என்பதற்காகக் கைவிடக் கூடாது. மீதியுள்ள கல்லீரல் நோயற்றது என்பதால், சிரோசிஸ் நோயாளியிடம் நினைத்தே பார்க்க முடியாத அளவுக்கு இங்கே வெட்டலாம். அந்தக் கல்லீரல் மீண்டும் வளரும். நோய் திரும்புவது அடிக்கடி நடப்பதுதான். திரும்பியதையும் முடிந்தவரை அறுத்தெடுக்கிறோம். அந்த மாணவிக்கும் இருமுறை அறுவை நடந்தது. படிப்பை முடித்துவிட்டார், ஸ்கேன் கண்காணிப்பில் இருக்கிறார்.

வார்டில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு இன்னொன்று. இந்த நோய் உள்ளவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ நினைவு தப்பினாலோ, மூளைக்குப் பரவிவிட்டது, முடிவு நெருங்கிவிட்டது என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். கல்லீரல் நன்றாக இயங்கும்போதே இந்தக் கட்டியில் அம்மோனியா ஏறுவதுண்டு. உடனே அம்மோனியா அளவைப் பாருங்கள். யூரியா சுழற்சிக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் சோடியம் பென்சோயேட் போன்ற மருந்துகளால் தெளிந்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

3. ஒரே சுவரில் பிறந்த இரண்டு, எதிரெதிர் சிகிச்சை

இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களிலிருந்து இரண்டு கட்டிகள் தோன்றுகின்றன. முதலாவது எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத நோய். பெண்களிடம் சற்று மிகுதி. கல்லீரலின் இரு பக்கங்களிலும் பல முடிச்சுகளாக, உறையை ஒட்டி, உறையை உள்நோக்கி இழுத்தபடி இருக்கும். ஸ்கேனைப் பார்த்ததும் ‘எங்கிருந்தோ பரவியது’ என்று எழுதத் தோன்றும். மேலிருந்தும் கீழிருந்தும் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், மூலம் கிடைக்காது. மூலம் தெரியாத புற்று என்று கீமோ தொடங்கிவிடுவார்கள். நோயாளியோ நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். கல்லீரல் நிறைய முடிச்சு இருந்தும் ஆள் தெம்பாக இருந்தால், அந்த முரண்பாடே ஒரு தடயம். 2011இல் இதன் மரபணு இணைப்பு கண்டறியப்பட்டது. இன்று கேம்ட்டா1 என்னும் சாயம் பெரும்பாலானவர்களிடம் விடை சொல்லிவிடுகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கும். அவர்களைக் கண்காணித்தாலே போதும். கல்லீரல் முழுக்கப் பரவியவர்களுக்கு மாற்று அறுவை செய்யலாம். நுரையீரலில் சில முடிச்சுகள் இருந்தாலும்கூட மாற்று செய்யத் தடையில்லை. பெரும்பாலான பிற புற்றுகளில் இப்படி நினைக்கவே முடியாது. ஐரோப்பிய மாற்றுப் பதிவேட்டில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

இரண்டாவது ஆஞ்சியோசார்கோமா. இதற்கு மாற்று அறுவை கூடவே கூடாது. செய்தவர்களிடம் ஓரிரு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பி உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. கொடையாக வந்த கல்லீரலும் வீணாகியது. வெளியிலிருந்து ஊசி குத்தினால் கடுமையாக இரத்தம் கசியலாம் என்பதால், கழுத்துச் சிரை வழியாகத் திசு எடுப்பது பற்றி முதலிலேயே யோசிக்க வேண்டும். முன்னதற்கு வாழ்வளிக்கும் சிகிச்சை பின்னதற்கு ஆகாது. இரண்டையும் ‘வாஸ்குலர் கட்டி’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் அறிக்கை, சிகிச்சை செய்பவருக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை.

ஆஞ்சியோசார்கோமாவின் காரணங்கள் சில நமக்குத் தெரியும். 1930கள் முதல் 50கள் வரை எக்ஸ்ரே படங்களுக்காக ஏற்றிய தோரோட்ராஸ்ட் என்னும் கதிரியக்கத் தோரியக் கரைசல் கல்லீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றாக முளைத்தது. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரின் பி.எஃப். குட்ரிச் ஆலையில், ஆலை மருத்துவர் ஜான் கிரீச் ஒன்றைக் கவனித்தார். பி.வி.சி. தயாரிக்கும் தொட்டிகளில் வேலைசெய்தவர்களில் மூவர் இதே அரிய கட்டியால் இறந்திருந்தார்கள். வினைல் குளோரைடு வாயுவின் பணியிட வரம்பு அதுவரை காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு. அந்த ஆண்டே அதை ஒன்றாகக் குறைத்து ஆணை வந்தது. ஆபத்து அந்த வாயுவில்தான். நம் வீட்டுக் குழாயைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தின் இளம் ஊழியர்களுக்குப் பித்தநாளப் புற்று வந்ததும் இப்படித்தான் வெளிப்பட்டது. அச்சு உருளை துடைக்கும் திரவத்திலிருந்த 1,2-டைகுளோரோபுரோப்பேன் புற்று உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2014இல் அறிவித்தது. நம் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதுகிறோம். எந்த ஆலையில், எந்தப் பொருளோடு, எத்தனை ஆண்டு என்பதையும் எழுத வேண்டும்.

4. குழந்தைகள்

மூன்று வயதுக்குள் வரும் கல்லீரல் புற்றில் முதலிடம் ஹெபட்டோபிளாஸ்டோமாவுக்கு. குளிப்பாட்டும்போது அம்மாவின் கைக்குத்தான் அந்தக் கட்டி முதலில் தட்டுப்படும். ஏ.எஃப்.பி. மிக உயர்ந்திருக்கும். ஆனால் பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே அது பல்லாயிரக்கணக்கில் இருந்து, ஏறத்தாழ ஒரு வயதாகும்போதுதான் பெரியவர்களின் அளவுக்கு இறங்கும். ஆய்வக அறிக்கையில் அச்சடித்த பெரியவர்களுக்கான அளவோடு கைக்குழந்தையின் எண்ணை ஒப்பிடக் கூடாது.

ஃபைப்ரோலாமெல்லருக்குக் கத்தி முதலில்; இதற்குப் பெரும்பாலும் கீமோ முதலில். சிஸ்பிளாட்டின் கொடுத்தால் கட்டி சுருங்கி, வெட்ட முடியாதது வெட்டத்தக்கதாகும். சிஸ்பிளாட்டின் காதைக் கெடுக்கும். பேச்சுப் பழகும் வயதில் அது பெரிய இழப்பு. சிஸ்பிளாட்டின் முடிந்து ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால் செவித்திறன் இழப்பு 63 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைகிறது என்று 2018இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. பரவாத கட்டி உள்ள குழந்தைகளில், புற்றுச் சிகிச்சையின் பலனும் இதனால் குறையவில்லை.

கைக்குழந்தையின் கல்லீரலில் பல முடிச்சுகள் தெரிந்தால் அவை ஹெமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டிகளாகவும் இருக்கலாம். அதற்குப் புரோப்ரனலால் என்ற, விலை மலிந்த பழைய இதய மருந்து போதும். அந்தக் குழந்தைக்குத் தைராய்டு சோதனையையும் மறக்காதீர்கள்; அந்தக் கட்டி தைராய்டு ஹார்மோனை அழிக்கக்கூடியது.

ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வரும் எம்பிரயோனல் சார்கோமா வேறு விதமாக ஏமாற்றும். சி.டி.யில் நீர்க்கட்டி போலவே தெரியும். நாடாப்புழுவால் நீர்க்கட்டி வரும் ஹைடாடிட் நோயும் சீழ்க்கட்டியும் பார்த்துப் பழகிய நம் ஊரில், அந்த எண்ணத்திலேயே குழாய் விட்டு வடிக்கப் பார்ப்பார்கள். அதே கட்டியை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் திடமாகத் தெரியும். சி.டி. நீர் என்கிறது, அல்ட்ராசவுண்ட் சதை என்கிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரு காலத்தில் பிழைக்கவே முடியாதென்றிருந்த இந்த நோயில், அறுவையும் கீமோவும் சேர்ந்து இன்று பல பிள்ளைகளை முழுமையாகக் குணப்படுத்துகின்றன.

5. திசுவும் அதன் பயணமும்

திசு எடுக்கத் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. கல்லீரல் செல் புற்றில் ஊசி போன பாதையில் புற்று விதைபடும் வாய்ப்பு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 2.7 சதவீதமாக இருந்தது. எனவே வெட்டி எடுக்கக்கூடிய கட்டி என்றால், ஊசியை எடுக்குமுன் அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும். நீர் நிறைந்த கட்டி என்றால் ஹைடாடிட் இரத்தச் சோதனை முதலில். ஊசி, கட்டியை நேரே தைக்காமல், நல்ல கல்லீரலைக் கடந்து கட்டிக்குள் போக வேண்டும். கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரலிலிருந்தும் ஒரு துண்டு, தனிப் புட்டியில் வேண்டும். இந்த இரண்டாவது துண்டை நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கட்டி மட்டும் வந்தால், முழு வழக்கில் பாதிதான் எங்களுக்கு வந்திருக்கிறது.

எடுத்த துண்டு நூல் கனம்தான் இருக்கும். அது ஃபார்மலினில் போக வேண்டும்; திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின். சலைனில் போட்டு, மஞ்சப்பையில் வைத்து, பேருந்தில் மூன்று மணி நேரம் கொண்டுவந்து கொடுக்கும் தகப்பனாரை எத்தனையோ முறை எங்கள் வரவேற்பு மேசையில் பார்த்திருக்கிறேன். புட்டியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்: துண்டு வெளிறி, குழைந்து போயிருக்கும். அவர் கைப்பொருள் கொடுத்த, அவர் மகள் வலி பொறுத்த திசு அது. மீண்டும் எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்வதைப் போன்ற கடினமான வேலை என் துறையில் வேறில்லை. இதைத் தடுக்க ஆகும் செலவு ஒரு சிறு புட்டி ஃபார்மலின்.

நோயாளியின் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. சோதனைக்குப் பின் உங்கள் திசு ஒரு சிறு மெழுகுக் கட்டிக்குள் பதிந்து ஆய்வகத்தில் இருக்கும். இரண்டாம் கருத்துக்குப் போகும்போது அறிக்கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அந்த மெழுகுக் கட்டியையும் வில்லைகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். கேம்ட்டா1 சாயமோ மரபணுச் சோதனையோ எல்லா ஊரிலும் கிடைக்காது; மெழுகுக் கட்டி இருந்தால் அது நோயாளியின் அலைச்சல் இல்லாமல் போய்வரும். டாட்டா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு 2012இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் போன்ற அமைப்புகள் இருப்பதே, ஓரிடத்தில் இல்லாத அனுபவத்தை இன்னோரிடத்திலிருந்து பெறுவதற்குத்தான்.

கடைசியாகப் பதிவேடு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சென்னைப் பதிவேடு 1981 முதல் நடக்கிறது. பின்னர் மாநிலம் முழுவதற்கும் பதிவு விரிந்தது. பன்னாட்டு நோய்க் குறியீட்டில் கல்லீரல் புற்றுக்கு எண் சி22. அதன் பின்வரும் இலக்கம்தான் வகையைச் சொல்லும்: 0 கல்லீரல் செல் புற்று, 1 பித்தநாளப் புற்று, 2 ஹெபட்டோபிளாஸ்டோமா, 3 ஆஞ்சியோசார்கோமா. வகை தெரியாவிட்டால் 9. திசு இல்லாமல் சிகிச்சை பெற்று இறந்த இளைஞர் அந்த ஒன்பதுக்குள் போய்ச் சேர்கிறார். அவருக்கு வந்தது என்ன என்பது அதற்குப் பிறகு யாருக்கும் தெரியவராது. ஃபைப்ரோலாமெல்லருக்கு அங்கே தனி எண்ணே கிடையாது, பூஜ்யத்துக்குள் கலந்துவிடும். புற்றியலுக்கான தனிக் குறியீட்டில் அதற்கு 8171 என்ற எண் இருக்கிறது. அறிக்கையின் கீழ் அந்த எண்ணை எழுதும் பொறுப்பு எங்கள் துறையுடையது. முதுநிலை மாணவர்கள் இன்றிலிருந்தே அதை எழுதத் தொடங்கலாம்.

இந்தக் கல்லூரியின் கல்லீரல் திசுச் சோதனைப் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டுகிறேன். கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரலின் நிலை. பி, சி வைரஸ் சோதனையின் முடிவு. நோயாளி வேலைபார்த்த இடமும் கையாண்ட பொருளும். இவை நிரப்பப்படாத படிவத்தோடு வரும் திசுவையும் நாங்கள் ஏற்போம், திருப்பி அனுப்ப மாட்டோம். ஆனால் அன்றே வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்போம். மாதிரிப் படிவத்தைக் கல்லூரி முதல்வர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமைக் கட்டிக் கலந்தாய்வுக் கூட்டத்தில் அறுவை, கதிரியக்கம், குழந்தை மருத்துவம், புற்றியல் ஆகிய நான்கு துறையினரும் அதைத் திருத்தித் தர வேண்டும்.